அண்டி ஆபீஸில் யோகா வகுப்பு: கேள்வி பதில்

மார்த்தாண்டம் பக்கம் பெரிய அண்டி ஆபீஸ் (முந்திரிப் பருப்பு ஆலை) ஒன்றில் நலன் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கம்பெனிகள் நடத்தும் உடல்நலத் திட்டங்களைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கருங்கலிலிருந்து ஒரு அக்கா: சார், வருஷத்துக்கு ஒருக்க முகாம் போட்டு சுகர், பிரஷர் பாக்காங்க. எனக்குப் புண்ணு கையிலதான். அதை யாரும் பாக்கல்ல. கையுறை போட்டா வேகம் வரல்ல.

பதில்: அக்கா, உங்க கையைப் பார்க்காத முகாம் பாதி முகாம். அண்டித் தோட்டு (மேலோட்டு) எண்ணெயில் அனகார்டிக் அமிலமும் கார்டாலும் இருக்கு, தோலை வேகவைத்துவிடும். சாம்பலோ ஆமணக்கெண்ணெயோ தடவிக்கொண்டு உடைப்பது பழைய வழக்கம்தான். ஆனால் காலையில் தடவியது மத்தியானம் வரை நிற்காது. இடைவேளையில் சோப்புப் போட்டுக் கழுவி மறுபடி தடவணும். கையுறை போட்டால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் கூலி குறையும், பிறகு யார் போடுவார்? இது தெரிந்தே பெட்டி பெட்டியாகக் கையுறை அடுக்கி வைத்துப் போட்டோ எடுத்தவன் நான். கையுறையோடு எத்தனை கிலோ உடைக்க முடியுமோ அதை வைத்துக் கூலி போடச் சொல்லிக் கேளுங்க. கை வெந்தாலோ கண்ணில் தெறித்தாலோ அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்க. வேலையில் பட்ட காயத்தால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கூலியில் 90 சதவீதம் தரும். இத்தனை நாள் சந்தா கட்டியிருக்கணும் என்ற நிபந்தனையும் அதற்கில்லை.

குலசேகரத்திலிருந்து: மஞ்சக்காமாலை வந்து ஒரு மாசம் லீவு. இஎஸ்ஐ பணம் கிடைக்கல்ல. மாசாமாசம் பிடிக்காங்களே?

பதில்: பிடிப்பது கூலியில் 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25. சாதாரண நோய்க்கு கூலியில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள் வரை உண்டு. ஆனால் அதற்குரிய ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்கணும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும் செல்லும். அண்டி வரத்து நின்று ஆபீஸை இழுத்து மூடும் மாசங்களில்தான் நம்மாட்களுக்கு இந்த 78 தவறுது. வேலைக்குப் போன நாளை வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்க.

குழித்துறையிலிருந்து திருவனந்தபுரம் ஐடி கம்பெனிக்கு ரயிலில் போய்வரும் தம்பி: கம்பெனியில் கவுன்சலிங் வசதி இருக்கு. போனால் மேனேஜருக்குத் தெரியுமா?

பதில்: மனநலச் சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்கணும் என்று 2017 மனநலச் சட்டமே சொல்லுது. முதல் நாளே கவுன்சலரிடம் "கம்பெனிக்கு என்ன அனுப்புவீங்க?" என்று கேட்டுவிடு தம்பி. மழுப்பினால் வெளியே நல்ல டாக்டரைப் பார்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு மேலாளர்: அண்டிப் பருப்பில் தோல் உரிக்கும் பெண்களுக்கு யோகா வகுப்பு தொடங்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் நாள் முழுக்கத் தரையில் குத்தவைத்து இருப்பவர்களுக்கு முதலில் சாய்மானம் உள்ள நாற்காலியும் அதற்கேற்ற உயரத்தில் மேசையும் வாங்குங்க. கழிப்பறைத் தாழ்ப்பாளையும் ஒருதரம் போய்ப் பாருங்க. அது சரியில்லாத இடத்தில் பெண்கள் தண்ணி குடிக்க மாட்டார்கள். மூத்திரக் கடுப்பு அங்கேதான் தொடங்குது.

தக்கலையிலிருந்து: முகாம்ல எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கேட்டா தரல்ல.

பதில்: விடாமக் கேளுங்க, உங்க ரத்தம்தானே. போன வருஷச் சீட்டு கையில் இருந்தால்தான் டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். தராவிட்டால் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிவிடுங்க.