பையனுக்குத் தாளம் தப்பவில்லை: வாங்குவோர் கேள்வி-பதில்

கே: மகன் 'ஹை-ஃபை ரஷ்' விளையாடுகிறான். பாட்டின் தாளத்துக்குச் சரியாகத் தட்டினால்தான் அடி பலமாக விழுமாம். ப்ளூடூத் இயர்போன் வாங்கிக் கொடுத்ததிலிருந்து எல்லாமே பிந்துகிறது என்கிறான். கடையில் மாற்றித் தர மறுக்கிறார்கள். (திருநகர்)

ப: இதில் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, பையனையும்தான். சாதாரண ப்ளூடூத்தில் சத்தம் காதுக்கு வர 150, 200 மில்லிசெகண்டு ஆகிவிடும். பாட்டு மட்டும் கேட்டால் தெரியாது. நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை செகண்டுதான். அதில் மூன்றிலொரு பங்கு வழியிலேயே போனால் அவன் என்ன செய்வான்? கேம் செட்டிங்ஸில் காலிபரேஷன் (சத்தம் பிந்துவதற்கு ஏற்பத் தாளத்தைப் பொருத்திக்கொள்ளும் வசதி) இருக்கிறது, முதலில் அதைச் சரிசெய்து பார்க்கட்டும். தேறாவிட்டால் வயர் ஹெட்செட். டப்பாவில் 'கேமிங்' என்று போட்டிருப்பதை நம்பி இன்னொரு ப்ளூடூத் வாங்கிவிடாதீர்கள்.

கே: டவுன்ஹால் ரோட்டில் கேம் விளையாடப் புதுக் கன்ட்ரோலர் வாங்கினேன். நாலாம் நாளே ஒரு பட்டன் அமுங்கினால் எழுவதில்லை. கடைக்காரர் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' போர்டைக் காட்டுகிறார். (மேலூர்)

ப: அந்தப் போர்டைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்து, அரசாங்கமே எழுதிக்கொடுத்த மாதிரி விரலை நீட்டுவார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படித்தான். துண்டுச்சீட்டில் தொகையைக் கிறுக்கி நீட்டினால் வாங்காதீர்கள். கீழ் அம்புக்குறி வேலை செய்யாத டான்ஸ் மேட் (காலால் மிதித்து விளையாடும் விரிப்பு) ஒன்று, அப்படியொரு சீட்டோடு, என் வீட்டுப் பரணில் கிடக்கிறது. பட்டன் சிக்குவதை வீடியோ எடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டுப் புகார் சொல்லுங்கள். அப்போதும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. விடாதீர்கள்.

கே: ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கிய கேம் என் பழைய லேப்டாப்பில் திக்கித் திணறுகிறது. பதினோரு மணி நேரம் விளையாடிப் பார்த்துவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா? (ஆரப்பாளையம்)

ப: கிடைப்பது கஷ்டம். வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் என்றால் பேச்சில்லாமல் தருவார்கள். என்ன லேப்டாப் வேண்டும் என்பது வாங்கும் பக்கத்திலேயே கீழே போட்டிருக்கிறது. அதைப் படிக்க ரெண்டு நிமிஷம் இல்லை, திணறலைப் பார்க்கப் பதினோரு மணி நேரம் இருந்ததாக்கும்!

கே: ஒருவர் 200 ரூபாய்க்கு 'ஒரிஜினல் கேம் ஐடி' தருகிறார். வாங்கலாமா? (உசிலம்பட்டி)

ப: அது அடுத்தவர் கணக்கின் பாஸ்வேர்டு. வேண்டாம்.

கே: டிவியில் விளையாடும்போது பட்டன் தட்டிய பிறகு மெதுவாகத்தான் அசைகிறது. புது டிவி வாங்கவா? (வில்லாபுரம்)

ப: ரிமோட்டை எடுத்து, பிக்சர் செட்டிங்ஸில் கேம் மோடு போடுங்கள். அப்புறம் எழுதுங்கள்.