பல்கலைக்கழகம் அனுப்பும் அறிவிப்பு மின்னஞ்சல்களைப் படிக்காமல் தனிக் கோப்புறைக்குத் தள்ளிவிடலாமா?

நிகழ்ச்சி அழைப்பு, உதவித்தொகை, பாதுகாப்பு எச்சரிக்கை என்று நாள்தோறும் வந்து குவியும் மின்னஞ்சல்களை ஒரே விதி எழுதித் தனிக் கோப்புறைக்கு அனுப்பிவிடலாமா, அப்படிச் செய்தால் எதையாவது இழக்க நேருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் முதலாண்டு மாணவராகவோ, ஆய்வு வேலைக்கு நடுவில் அஞ்சல்பெட்டியைத் திறக்கவே அலுத்துப்போனவராகவோ இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆசிரியராக இருந்தாலும் நான் சொல்லப்போவது அதிகம் மாறாது.

நிகழ்ச்சிகளைத் தாராளமாகத் தள்ளிவிடுங்கள். உதவித்தொகை போன்ற வாய்ப்புகளை வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள். பாதுகாப்பு அறிவிப்பு மட்டும் எந்தக் கோப்புறைக்கும் போகாமல் உங்கள் கண்ணில் பட வேண்டும். ஆனால் பல நிறுவனங்களில் இந்த மூன்றும் ஒரே முகவரியிலிருந்து, ஒரே மடலுக்குள், ஒரே எழுத்தளவில் வருகின்றன. அனுப்புநர் முகவரியை வைத்து நீங்கள் எழுதும் விதி மூன்றையும் சேர்த்தே விழுங்கிவிடும். இது உங்கள் சோம்பலால் வந்த சிக்கல் இல்லை. மடலை அமைக்கிறவர்களிடம் தொடங்குகிற சிக்கல். அதை நான் உள்ளிருந்து பார்த்திருப்பதால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

சில ஆண்டுகள் ஒரு பல்கலைக்கழகத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில், வாரச் சுற்றறிக்கையைத் தொகுக்கும் வேலையில் இருந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே தேவையில்லை. துறைகளும் மாணவர் மன்றங்களும் விடுதி அலுவலகமும் பராமரிப்புப் பிரிவும் தத்தம் குறிப்புகளை அனுப்புவார்கள். அவற்றைத் திருத்திக் கோத்து அனுப்புவது என் பொறுப்பு. எது முதலில் வர வேண்டும் என்பதற்கு எழுதப்படாத ஒரு முறை இருந்தது. குறிப்பை அனுப்பியவரின் பதவி எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு மேலே அது இடம்பெறும். சிறப்பு விருந்தினரின் சொற்பொழிவு தலைப்பில் நிற்கும். மின்தூக்கி பழுது, குடிநீர்த் தொட்டி சுத்தம், ஆய்வகக் கட்டடத்தில் வேலை போன்றவை கடைசியில் "பிற அறிவிப்புகள்" என்ற தலைப்பின் கீழ் ஒதுங்கிக் கிடக்கும்.

ஒரு வாரம் வேதியியல் கட்டடத்தின் முதல் தளத்தில் காற்று வெளியேற்றும் விசிறிகளைப் பழுதுபார்க்கப் போவதாகவும், இரண்டு நாட்களுக்கு அத்தளத்தின் ஆய்வகங்கள் மூடியிருக்கும் என்றும் பராமரிப்புப் பிரிவு குறிப்பு அனுப்பியிருந்தது. அதே தொகுப்பில், ஆய்வுக் கட்டுரை எழுதும் பயிற்சி ஒன்றை அதே தளத்தின் கருத்தரங்க அறையில், அந்த இரண்டு நாட்களில் ஒன்றில் நடத்தவிருப்பதாக ஒரு மாணவர் மன்றமும் எழுதியிருந்தது. இரண்டு குறிப்புகளிலும் பிழை எதுவும் இல்லை. இரண்டும் வெவ்வேறு அலுவலகங்களிலிருந்து வந்ததால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒரே இடம் என் மேசையாக இருந்தது, அவ்வளவுதான்.

இதில் என்ன ஆபத்து என்று வேதியியல் பக்கம் போகாதவர்கள் கேட்கலாம். ஆய்வகங்களில் ஃபியூம் ஹூட் என்னும் பெட்டிக்குள் கரைப்பான்களையும் அமிலங்களையும் கையாளுவதற்குக் காரணம், அதன் விசிறி உள்ளிருக்கும் ஆவியை உறிஞ்சிக் கூரைக்கு மேலே வெளியேற்றுவதுதான். அந்த உறிஞ்சலால் ஆய்வகத்தின் காற்றழுத்தம் வெளித் தாழ்வாரத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். ஆகவே கதவு திறந்தாலும் காற்று தாழ்வாரத்திலிருந்து உள்ளே போகுமே தவிர, உள்ளிருப்பது வெளியே வராது. விசிறிகளை நிறுத்தினால் இந்த ஏற்பாடு இல்லாமல் போகிறது. காற்றோட்டக் குழாயுடன் இணைத்த இரசாயன அலமாரிகளிலும் ஆவி தேங்கத் தொடங்கும். பராமரிப்புப் பொறியாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். கருத்தரங்க அறை ஆய்வகம் இல்லை என்பதால் மூடும் பட்டியலில் அது சேரவில்லை என்றும், ஆனால் அதன் கதவு அதே தாழ்வாரத்தில்தான் திறக்கிறது என்றும், அங்கே அன்றைக்கு மாணவர்கள் கூடப்போவது தமக்குத் தெரியாது என்றும் அவர் சொன்னார். பயிற்சியை ஒருங்கிணைத்த ஆய்வு மாணவியை அடுத்து அழைத்தேன். அவர் ஒரு மணி நேரத்துக்குள் நூலகக் கட்டடத்தில் வேறோர் அறை பிடித்துவிட்டார். நான் மூடல் அறிவிப்பை மடலின் உச்சிக்குக் கொண்டுவந்து, கட்டடத்தின் பெயரையும் தேதியையும் தலைப்பு வரியிலேயே சேர்த்து அனுப்பினேன்.

மறுநாள் எனக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது. முதலிடத்தில் இருந்திருக்க வேண்டிய சொற்பொழிவு அழைப்பு இரண்டாம் இடத்துக்கு இறங்கியிருந்ததாம். வரிசையை மாற்ற எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்பது கேள்வி. பயிற்சி இடம் மாறியதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. நான் எழுதிக் கொடுத்தேன், கோப்பு மூடப்பட்டது, வரிசை முறை பழையபடியே தொடர்ந்தது. அன்று அறை மாறாமல் இருந்திருந்தால் யாரோ மயங்கி விழுந்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒன்றுமே நடக்காமலும் போயிருக்கலாம். நடக்காத ஒன்றுக்காகப் பெருமை தேடுகிறேன் என்று யாராவது எழுதுவதற்கு முன்பு நானே சொல்லிவிடுகிறேன்: என் வருத்தமெல்லாம், ஒரே மடல் ஓர் இடத்துக்கு வாருங்கள் என்று மேலே அழைத்துவிட்டு, அதே இடத்துக்கு வராதீர்கள் என்று கீழே சொல்லவிருந்ததும், அதைத் திருத்தியதே ஒழுங்கு மீறலாக எண்ணப்பட்டதும்தான்.

அறிவிப்பில் காலமும் சொல்லும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 2007 ஏப்ரல் 16 அன்று நடந்தது. காலை சுமார் 7.15 மணிக்கு வெஸ்ட் ஆம்ப்ளர் ஜான்ஸ்டன் என்ற மாணவர் விடுதியில் இருவர் சுடப்பட்டார்கள். வளாகம் முழுவதற்குமான முதல் மின்னஞ்சல் 9.26 மணிக்குத்தான் சென்றது. விடுதியில் ஒரு துப்பாக்கிச் சூட்டு நிகழ்வு நடந்தது, எச்சரிக்கையாக இருங்கள் என்பதே அதன் சாரம்; சுட்டவர் பிடிபடவில்லை என்றோ, இருக்கும் இடத்திலேயே கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள் என்றோ அதில் இல்லை. சுமார் 9.40 மணிக்கு நாரிஸ் ஹால் என்ற வகுப்பறைக் கட்டடத்தில் அதே கொலையாளி மீண்டும் சுடத் தொடங்கினான். அன்று அவனால் கொல்லப்பட்டவர்கள் மொத்தம் 32 பேர். முன்பே எச்சரித்திருந்தால் எத்தனை உயிர்கள் மிஞ்சியிருக்கும் என்பதை யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் எச்சரிக்கை தாமதமானதற்காக அந்நாட்டுக் கல்வித் துறை அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அபராதம் விதித்தது.

அந்த அபராதத்துக்கு அடிப்படையான சட்டமும் ஒரு மாணவியின் மரணத்திலிருந்து பிறந்ததுதான். 1986ஆம் ஆண்டில் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற 19 வயது மாணவி கொல்லப்பட்டார். வளாகத்தில் அதற்கு முன் நடந்த குற்றங்களைப் பற்றி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் உரிய தகவல் தரப்படவில்லை என்று அவருடைய பெற்றோர் தொடர்ந்து போராடியதன் விளைவாக 1990இல் சட்டம் வந்தது. பின்னர் அது அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. நடந்துமுடிந்த ஒரு குற்றத்தின் அச்சுறுத்தல் இன்னும் நீடிக்கும்போது தரவேண்டிய எச்சரிக்கையை அந்தச் சட்டம் தொடக்கத்திலேயே கட்டாயமாக்கியது. வர்ஜீனியா டெக்குக்குப் பிறகு, 2008இல், ஆபத்து உண்மைதான் என்று உறுதியானவுடன் தாமதமின்றி அனுப்பவேண்டிய அவசர அறிவிப்பையும் அதில் சேர்த்தார்கள். இரண்டும் வேறு வேறு என்று பிரித்தது எனக்குப் பிடித்த அம்சம். தீயோ வாயுக் கசிவோ இந்த நிமிடத்தில் இருந்தால் ஒன்று, நேற்றிரவு வாகன நிறுத்தத்தில் வழிப்பறி நடந்திருந்தால் இன்னொன்று. உங்களுக்கு இப்போது கிடைக்கும் மடலில் இவை இரண்டும் கலைவிழாவுக்குக் கீழே படுத்திருந்தால், உங்கள் நிறுவனம் இன்னும் கற்க வேண்டியது இருக்கிறது என்று பொருள்.

நல்ல பாதுகாப்பு அறிவிப்பை அடையாளம் காண்பது எளிது. எங்கே, என்ன, நீங்கள் என்ன செய்ய வேண்டும், அடுத்த தகவல் எப்போது வரும் என்ற நான்கும் முதல் மூன்று வரிகளுக்குள் இருக்கும். "வெளியேறுங்கள்" என்பதும் "உள்ளேயே இருங்கள்" என்பதும் நேரெதிரான கட்டளைகள். அவசரத்தில் மேலோட்டமாகப் படித்து ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளேயே இருக்கச் சொன்னால், ஆபத்து நீங்கியது என்ற தனிச் செய்தி வரும்வரை இருக்க வேண்டும். கட்டடத்தில் தீ மணி அடித்தால் மின்னஞ்சலுக்காகக் காத்திருக்க வேண்டாம், மணியே அறிவிப்பு.

இனி வாய்ப்புகள். இவற்றில் பெரும்பாலும் ஏமாறுவது காலக்கணக்கில்தான். செவனிங் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் அடுத்த ஆண்டு செப்டம்பர் வாக்கில் தொடங்கும் முதுகலைப் படிப்புக்கு, இந்த ஆண்டு ஆகஸ்டை ஒட்டியே விண்ணப்பம் திறந்துவிடும். இரண்டாண்டுப் பணி அனுபவமும் கேட்பார்கள். அதாவது அந்த மடல் உங்கள் கைக்கு வரும்போது அது இந்த ஆண்டுக்கான செய்தியாக இல்லாமல், இன்னும் சில ஆண்டுகளுக்குப் பிந்தைய உங்களுக்கான செய்தியாக இருக்கலாம். ஆகவே வாய்ப்புக் குறிப்புகளில் கடைசித் தேதியைப் பார்ப்பதற்கு முன் தகுதி வரியைப் படியுங்கள். தகுதி இருந்தால் தேதியை நாட்காட்டியில் ஏற்றிவிட்டு மடலை மறந்துவிடலாம். பரிந்துரைக் கடிதம் தேவை என்றால், நீங்கள் குறிக்க வேண்டிய தேதி அதற்குப் பல வாரங்கள் முந்தையது. கடைசி இரவில் பேராசிரியரிடம் போய் நிற்பது இருவருக்கும் சங்கடம்.

வாய்ப்பு என்ற பெயரில் வரும் மோசடியையும் சொல்லாமல் விட முடியாது. உண்மையாகவே பணியாற்றும் ஒரு பேராசிரியரின் பெயரைப் போட்டு, பகுதிநேர ஆய்வு உதவியாளர் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம், வாரச் சம்பளம் என்று எழுதுவார்கள். கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டு பேச்சைக் குறுஞ்செய்திக்கு மாற்றுவார்கள். பிறகு ஒரு காசோலை அனுப்பி, அதில் மிச்சப் பணத்துக்குப் பரிசு அட்டை வாங்கி எண்களை அனுப்பச் சொல்வார்கள்; காசோலை சில நாட்களில் திரும்பிவிடும், பரிசு அட்டைக்குச் செலவழித்த பணம் உங்கள் கையிலிருந்து போனதாகவே இருக்கும். பல்கலைக்கழக முகவரியிலிருந்து வந்தது என்பது மட்டும் சான்றாகாது, ஏனெனில் கடவுச்சொல் திருடப்பட்ட மாணவர் கணக்குகளிலிருந்தும் இவை வருகின்றன. துறை அலுவலகத்துக்கு நேரில் சென்று கேட்பது ஐந்து நிமிட வேலை.

நிகழ்ச்சிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. போக நினைப்பவற்றுக்குப் போங்கள். ஒரே ஒரு குறை உண்டு: தேதி, நேரம், இடம் எல்லாவற்றையும் வண்ணச் சுவரொட்டிப் படத்துக்குள் அடைத்து, மடலில் ஒரு வரிகூட எழுத்தாகத் தராமல் அனுப்பும் பழக்கம். எழுத்தை உரக்கப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானை நம்பியிருக்கும் பார்வையற்ற மாணவருக்கு அந்த மடல் வெற்றுத்தாள்; நீங்கள் பின்னால் தேடினாலும் அது அகப்படாது. இதை எத்தனையோ துறைகளிடம் சொல்லிப் பார்த்தேன். சுவரொட்டி அழகாக இருக்கிறதே என்றார்கள்.

அலுவலகத்தில் இருந்த காரணத்தால் மாணவர்கள் மேல் இன்னொரு சுமையை ஏற்றுகிறேன் என்று சிலர் நினைக்கக்கூடும். முழுவதையும் படியுங்கள் என்று நான் எங்கும் சொல்லவில்லை. விதியை அனுப்புநரின் பெயரில் எழுதாமல், தலைப்பு வரியில் உள்ள சொற்களில் எழுதுங்கள்: எச்சரிக்கை, அவசரம், மூடல், கசிவு, வெளியேற்றம், நீங்கள் அன்றாடம் புழங்கும் கட்டடங்களின் பெயர்கள். இவற்றுள் ஒன்று இருந்தால் மடல் முகப்பிலேயே நிற்கட்டும். மற்றவை கோப்புறைக்குப் போகட்டும். தலைப்பில் "வாரச் சுற்றறிக்கை" என்று மட்டும் எழுதி, உள்ளே மூடல் அறிவிப்பைப் புதைத்து அனுப்புகிறார்கள் என்றால் எந்த விதியும் உதவாது. அப்போது அந்த அலுவலகத்துக்கே ஒரு பதில் எழுதுங்கள். அங்கே வரிசையை மாற்ற விரும்பியும் முடியாமல் ஒருவர் இருக்கக்கூடும்; மாணவரிடமிருந்து எழுத்தில் வரும் புகார் அவருக்கு மேலதிகாரியிடம் காட்ட ஒரு தாளாகவாவது பயன்படும்.

கடைசியாக, உண்மையான அவசரச் செய்தி பெரும்பாலும் குறுஞ்செய்தியாகவே வரும், நீங்கள் பதிவுசெய்த எண்ணுக்கு. சேர்க்கையின்போது பெற்றோரின் எண்ணைக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டவர்கள் ஏராளம். அவர்களுக்குரிய எச்சரிக்கை வேறோர் ஊரில் ஒலிக்கும். பல நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்த ஏற்பாட்டைச் சோதித்துப் பார்க்கின்றன. சோதனைச் செய்தி பக்கத்தில் இருப்பவருக்கு வந்து உங்களுக்கு வராவிட்டால், அன்றே மாணவர் பதிவுப் பிரிவுக்குப் போய் எண்ணை மாற்றிவிட்டு வாருங்கள்.