பல்கலைக்கழக ஆய்வகத்தில் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன் வேலை எப்படி இருக்கும்? டிப்ளமோ போதுமா?

போதும். நானும் டிப்ளமோதான். தருமபுரிப் பக்கம் ஒரு பல்கலைக்கழக இயற்பியல் ஆய்வகத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன்.

வேலையில் பாதி பவர் சப்ளைதான். பழுதென்று எது வந்தாலும் முதலில் கண்டென்சரை, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் டப்பி மாதிரிப் பாகத்தைப் பார்ப்பேன். தலை உப்பியிருக்கும், இல்லையென்றால் வெளியே தெரியாமல் உள்ளே காய்ந்திருக்கும். சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். எங்கள் ஊர் மே மாத வெயிலைக் கேட்கவே வேண்டாம். மாணவருக்கு அளவு தப்பாக வந்தால், தப்பு அவரிடமா கருவியிடமா என்று சொல்ல வேண்டியது நாம்தான்.

மீதி வேலை, கருவிகளை மூட்டை கட்டிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோவது. எனக்கு உயிர் அதில்தான்.

ஒருமுறை பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளி. மின் துடிப்பைத் திரையில் அலையாகக் காட்டும் சி.ஆர்.ஓ. கருவியில் மைக்கை மாட்டியிருந்தேன். விசிலடித்தால் வழவழவென்று ஓர் அலை, ‘ஆ’ என்றால் பல் முளைத்த அலை. பிள்ளைகள் விடவே இல்லை. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “சார், யாரும் பேசாதப்பவும் அலை ஓடுதே, அது யாரோட குரல்?”

அளந்தேன். ஓர் அலைக்கு 20 மில்லி செகண்ட். அதாவது நொடிக்கு 50, நம் வீட்டு மின்சாரத்தின் துடிப்பு. ஆனால் மைக்கின் ஒயர், வெளித் துடிப்பைத் தடுக்க மேலே கம்பிவலை சுற்றிய ஷீல்டு ஒயர். அதில் இவ்வளவு வரக்கூடாது. சந்தேகப்பட்டு சாக்கெட்டில் மல்டிமீட்டர் வைத்தேன். கரண்ட் வரும் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் பக்கம் காட்ட வேண்டியது, எங்கேயும் நிற்காமல் அலைந்தது. சாக்கெட்டில் எர்த்துக்கான பெரிய ஓட்டைக்கு ஒயரே இல்லை. உள்ளே கரண்ட் கசிந்தால் ஷாக் அடிக்காமல் இருக்க சி.ஆர்.ஓ.வின் இரும்பு உடம்பு அந்த எர்த்தை நம்பித்தான் இருக்கிறது, அதைத்தான் இத்தனை நேரம் பிள்ளைகள் தொட்டுக்கொண்டிருந்தார்கள். உடனே அணைத்தேன். கை நடுங்கியது.

மதியம் அதே மாதிரி அலை காட்டும், பேட்டரியில் ஓடும் சின்ன ஸ்கோப்பை எடுத்தேன். முனையை அவள் விரலால் தொட்டதும் அதே 50 ஹெர்ட்ஸ் அலை பெரிதானது. நம் உடம்பே ஆன்டெனா என்றேன். கட்டடத்து ஒயர்களை விட்டுப் புளியமரத்தடிக்கு நடக்க நடக்க அலை சுருங்கியது. வகுப்பு முழுக்கக் கூடவே நடந்து வந்தது.

தலைமையாசிரியர் அந்த வாரமே எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் போட்டார். இப்போது எந்தப் பள்ளிக்குப் போனாலும் பையிலிருந்து முதலில் எடுப்பது சாக்கெட் டெஸ்டரைத்தான். பிளக்கைச் செருகுவது அதற்கப்புறம்.