பில் யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: பண்ருட்டியில் நானும் என் தம்பியும் பங்குதாரர்களாக முந்திரி வியாபாரம் செய்கிறோம். பெற்றோரின் ஐம்பதாவது திருமண நாளை முன்னிட்டு, புதுச்சேரியில் உள்ள ஒரு டிராவல்ஸ் மூலம் சென்ற ஆண்டு மே மாதம் குடும்பத்தார் ஆறு பேர் போர்ச்சுகல் சென்றோம். டோரோ ஆற்றில் பின்யாவ் என்ற ஊரிலிருந்து துவா வரை சென்று திரும்ப ஆறு மணி நேரம், எங்களுக்கு மட்டுமேயான சொகுசுப் படகு, 20 ஆண்டு பழமையான போர்ட் ஒயின் முதலியவற்றின் சுவைப்பு, அந்த வட்டாரத்து உணவு, அம்மாவுக்குச் சைவம் என்று வவுச்சரில் எழுதிக் கொடுத்து, இதற்கு மட்டும் ரூ.2,10,000 வாங்கினார்கள். அங்கே வேறு பதினான்கு பேருடன் பொதுப் படகில் ஏற்றி, இரண்டு மணி நேரத்தில் கரையில் இறக்கிவிட்டார்கள். சாப்பாடு பன்றித்தொடைக் கறியும் உப்பிட்டு உலர்த்திய மீனும்தான். அம்மா ரொட்டியையும் ஆலிவ் காயையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு, அணையில் படகுகளை ஏற்றி இறக்கும் லாக் மூடியிருந்தது என்றும், 'இவ்வளவு குறை சொல்கிறவர்கள் நம் புதுச்சேரி சுண்ணாம்பாற்றிலேயே போட் எடுத்திருக்கலாமே' என்றும் உரிமையாளர் பதில் சொன்னார். இப்போது ரூ.1,10,000 தருவதாகச் சொல்கிறார்கள். நான் ரூ.25 லட்சம் இழப்பீடு கேட்க விரும்புகிறேன். போலீசில் மோசடிப் புகார் கொடுக்கும்படி மைத்துனர் சொல்கிறார். பில்லை ஆடிட்டர் சொன்னபடி கம்பெனி பெயரில், ஜி.எஸ்.டி. எண்ணுடன் வாங்கினோம். பயணத்தில் லிஸ்பனில் முந்திரி வாங்கும் ஒருவரையும் அரை நாள் சந்தித்தோம் என்பதால் அதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

பதில்: மேலே இருப்பது உங்கள் நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம். அந்த நான்கில் மூன்றரைப் பக்கம் அம்மா பட்டினி இருந்ததையும், உரிமையாளரின் ஏளனத்தையும், ஊர் திரும்பிய பின் சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விகளையும் பற்றியது. உங்கள் வருத்தம் நியாயமானதுதான் என்றாலும், அதில் எதுவும் வழக்கின் போக்கை மாற்றப் போவதில்லை. வழக்கைத் தீர்மானிக்கப் போவது, கடைசிப் பக்கத்தின் அடியில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் வரி: பில் கம்பெனி பெயரில் இருக்கிறது என்பது.

சேவைக் குறைபாட்டைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை, ஏனென்றால் அது உங்கள் பக்கம் பலமாகவே இருக்கிறது. தனிப் படகு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பொதுப் படகில் ஏற்றியதற்கு வவுச்சரே சாட்சி. லாக் மூடியிருந்தது என்ற சமாதானம் வரைபடத்தைப் பார்த்தாலே நிற்காது. ரேகுவா அணையின் லாக் பின்யாவுக்குக் கீழே இருக்கிறது, வலெய்ரா அணையின் லாக் துவாவுக்கும் மேலே இருக்கிறது, நீங்கள் போகவேண்டிய பகுதி இந்த இரண்டுக்கும் நடுவில் லாக் எதையும் தாண்டாமல் போய்வரக்கூடிய நீர்வழி. ஊற்றப்பட்டது 20 ஆண்டு ஒயின்தானா என்பதற்கு, போர்ட் புட்டியின் கழுத்தில் ஒட்டப்படும் முத்திரையும் லேபிளும் தெரியும்படி எடுத்த படம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் அந்தக் குற்றச்சாட்டையே விட்டுவிடுங்கள். போர்ச்சுகலில் உள்ள படகு நிறுவனத்தை எதிர்த்தரப்பில் சேர்க்க வேண்டாம். அதற்கு நோட்டீஸ் சேர்ப்பிக்கவே வழக்கின் பாதி ஆயுள் போய்விடும். பணத்தைத் தன் கணக்கில் வாங்கி, வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்றவர் என்ற முறையில் டி.சி.எஸ். (விற்பவர் வாங்குபவரிடம் வசூலித்து அவர் பெயரில் அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடித்த டிராவல்ஸ்காரர், பிறகு தான் வெறும் இடைத்தரகர் என்று சொல்லித் தப்புவது கடினம். ஒப்பந்தத்தை மீறியதற்கு மோசடி என்று போலீசுக்குப் போவது உங்கள் மைத்துனருக்கு ஆறுதல் தரலாம், உங்களுக்குப் பணம் தராது. புகாரைக் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம், காலக்கெடுவான 2 ஆண்டும் இன்னும் தாண்டவில்லை. இவ்வளவும் உங்களுக்குச் சாதகம்.

இனி பில்லுக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(7), வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை நுகர்வோர் என்ற வரையறையிலிருந்து வெளியே நிறுத்துகிறது. கம்பெனி பெயரில் பில் இருப்பதாலேயே கதவு மூடிவிடுவதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எதிர்த்தரப்பு வக்கீல் அப்படித்தான் உங்களை மிரட்டப் பார்ப்பார். கூட்டாண்மை நிறுவனமும் சட்டத்தின் பார்வையில் ஒரு 'நபர்' என்பதால் புகார் கொடுக்கலாம். லீலாவதி கீர்த்திலால் மேத்தா மருத்துவ அறக்கட்டளை வழக்கில் (2019) உச்ச நீதிமன்றம், வாங்கியவர் யார் என்பதைவிட, வாங்கியதன் முதன்மை நோக்கம் லாபம் ஈட்டும் செயலோடு நேரடியாகத் தொடர்புடையதா என்பதையே பார்க்கச் சொல்லியிருக்கிறது. வணிக நோக்கம் என்பதை நிரூபிக்கும் சுமை சேவை வழங்கியவரைச் சேர்ந்தது என்று 2024-இல் ஒரு சிட் நிறுவன வழக்கிலும் சொல்லியாகிவிட்டது. ஆகவே, பெற்றோரின் திருமண நாளுக்காக எடுத்த படகு என்று நீங்கள் சொன்னால் ஆணையம் அதைக் கேட்கும்.

கேட்கும் என்பதில்தான் உங்கள் ஆபத்து இருக்கிறது. இதைப் புகார் மனுவில் சொன்னால் போதாது, பிரமாணப் பத்திரத்தில் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். அதே ரூ.2,10,000-ஐப் பற்றி உங்கள் நிறுவனம் ஏற்கெனவே வேறு இரண்டு இடங்களில் வேறு கதை சொல்லியிருக்கக் கூடும். பில்லில் உள்ள ஜி.எஸ்.டி.க்கு உள்ளீட்டு வரி வரவு எடுத்திருந்தால், அதாவது அந்த வரியை நிறுவனம் கட்டவேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொண்டிருந்தால், அது தொழிலுக்காகப் பெற்ற சேவை என்று அரசிடம் அறிவித்ததாகும். சொந்த உபயோகத்துக்கான சேவைக்கு அந்த வரவை ஜி.எஸ்.டி. சட்டத்தின் பிரிவு 17(5) தடுக்கிறது. லாப நட்டக் கணக்கில் 'வியாபார அபிவிருத்திச் செலவு' என்று எழுதியிருந்தால், முழுக்க முழுக்கத் தொழிலுக்காகச் செய்த செலவு என்று வருமான வரித் துறையிடம் சொன்னதாகும். இவற்றோடு, டி.சி.எஸ். தொகையை நிறுவனத்தின் பான் எண்ணில் வரவு எடுத்திருந்தால், பயணத்தின் செலவாளி நிறுவனமே என்பதற்கு அதுவும் ஒரு தாள் ஆகிவிடும். (பலர் அந்த டி.சி.எஸ். தொகையையும் இழப்பீட்டில் கூட்டிக் கேட்கிறார்கள். கணக்கில் திரும்ப வந்துவிட்ட பணத்தை நஷ்டம் என்று எழுதும் புகாரில், மற்ற வரிகளையும் ஆணையம் சந்தேகத்தோடுதான் படிக்கும்.)

இந்தக் குழியில் விழுந்த கட்சிக்காரரை நானே பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜவுளிக் கடைக்காரர் வந்தார். மகளின் நிச்சயதார்த்தத்துக்குக் கடற்கரை விடுதி ஒன்றில் மண்டபமும் அறைகளும் எடுத்திருந்தார். பந்தியில் வைத்த சாம்பார் புளித்துப் போயிருந்தது, சம்பந்தி வீட்டார் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டார்கள். குறைபாட்டுக்குச் சாட்சி மண்டபம் நிறைய இருந்தது. ஆனால் பில்லைக் கடை பெயரில், 'டீலர்கள் கூட்டம்' என்று கேட்டு வாங்கியிருந்தார், அதை என்னிடம் காட்டியதும் புகாருக்கு எண் விழுந்த பிறகுதான். எதிர்த்தரப்பு நீண்ட எதிருரை எதுவும் எழுதவில்லை. கடையின் அந்த மாத ஜி.எஸ்.டி. கணக்கையும் செலவுப் பேரேட்டையும் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி ஒன்றரைப் பக்க மனு ஒன்றைப் போட்டது. அந்த மனு விசாரணைக்கு வந்த அன்று காலை, கட்சிக்காரர் கையில் பையோடு என் அலுவலக வாசலில் நின்று, "வாபஸ் வாங்கிடலாம் சார்" என்றார். விடுதி முதலில் தருவதாகச் சொன்ன தொகையும் போயிற்று.

அவர் வாபஸ் வாங்கியது புத்திசாலித்தனம் என்றே சொல்வேன். ஆணையத்தின் முன் நடப்பது நீதிமன்ற நடவடிக்கையாகவே கருதப்படுகிறது. அங்கே தெரிந்தே பொய்யாகச் சத்தியம் செய்வது பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 229-இன் கீழ் தண்டனைக்குரிய குற்றம். உங்கள் விஷயத்தில் பிரமாணப் பத்திரம் உண்மையாகத்தான் இருக்கும், வரிக் கணக்குதான் தவறாக இருக்கும் என்று நீங்கள் சமாதானம் சொல்லலாம். அந்தச் சமாதானத்தின் விலையைக் கணக்கிட்டுப் பாருங்கள்: தவறாக எடுத்துப் பயன்படுத்திய வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதற்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, வருமான வரியில் அந்தச் செலவு அனுமதிக்கப்படாமல் போவது, அபராதத்துக்கான வாய்ப்பு. படகு மட்டும் அல்ல, முழுப் பயணமும் ஒரே பில்லில் இருந்தால், ஆறு பேரின் விமானச் சீட்டும் விடுதி வாடகையும் இந்தக் கேள்விக்குள் வந்துவிடும். ரூ.2,10,000-க்காகத் தொடங்கிய வழக்கு அதைப்போல் பல மடங்குத் தொகைக்குப் பதில் சொல்லும் இடத்தில் உங்களை நிறுத்தும்.

லிஸ்பனில் சந்தித்த முந்திரி வியாபாரியைப் பற்றி நீங்கள் கடிதத்தில் மூன்று முறை குறிப்பிட்டிருக்கிறீர்கள். வரி அதிகாரியிடம் அவர் உங்களுக்குத் துணை நிற்கக்கூடும். ஆனால் அதே மனிதர் ஆணையத்தில் எதிர்த்தரப்பின் முதல் சாட்சி ஆகிவிடுவார், ஏனென்றால் பயணத்தின் நோக்கம் வணிகம் என்பதை உங்கள் வாயாலேயே சொன்னதாகும். ஒரே அரை நாளை இரண்டு அலுவலகங்களில் இரண்டு விதமாகச் சொல்ல முடியாது. எந்த இடத்தில் எதைச் சொல்லப் போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

ஆகவே முதலில் ஆடிட்டரிடம் செல்லுங்கள், என்ன செய்திருக்கிறார் என்று கேளுங்கள். பில் மட்டும் கம்பெனி பெயரில் இருந்து, பணம் நிறுவனத்தின் செலவாக அல்லாமல், நீங்கள் சொந்தத் தேவைக்கு எடுத்ததாக உங்கள் பற்றுக் கணக்கில் எழுதப்பட்டிருந்தால், வரி வரவும் எடுக்கப்படாமல் இருந்தால், நான் மேலே சொன்ன பயம் பெரும்பாலும் நீங்கிவிடும், துணிந்து வழக்குப் போடலாம். செலவில் எழுதி வரவும் எடுத்திருந்தால், வழக்குப் போட்டாலும் போடாவிட்டாலும் அந்தத் தவறைத் திருத்தும் வழியை அவரிடமே கேட்டுச் செய்துவிடுங்கள். திருத்திய பிறகு வழக்குத் தொடரத் தடை இல்லை. ஆனால் தகராறு எழுந்த பிறகு திருத்தியது என்பது தேதியிலேயே தெரியும், குறுக்கு விசாரணையில் அந்தத் தேதியைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டாவது நிலைதான் உங்களுடையது என்றால், என் ஆலோசனை தெளிவானது: சமரசம் செய்துகொள்ளுங்கள். ரூ.25 லட்சத்தை மறந்துவிடுங்கள். இதுபோன்ற வழக்குகளில் படகுக் கட்டணத்தின் ஒரு பங்கும், மன உளைச்சலுக்குச் சில பத்தாயிரங்களும், சிறு செலவுத் தொகையும் சேர்ந்து வருவதையே நான் பார்த்திருக்கிறேன். அதுவும் மேல்முறையீடு வரை போனால் ஆண்டுக் கணக்கில் ஆகும். அந்த இரண்டு மணி நேரப் படகையும் ஓரளவு சாப்பாட்டையும் நீங்கள் அனுபவித்ததற்கு ஆணையம் கழித்துக்கொள்ளவும் செய்யும். எதிர்த்தரப்பு தருவதாகச் சொல்லும் ரூ.1,10,000 குறைவு; ரூ.1,40,000 வரை கேட்டுப் பாருங்கள், அதற்குமேல் இழுக்க வேண்டாம். உங்கள் பில்லில் உள்ள பலவீனம் அவர்கள் கையிலேயே நகலாக இருக்கிறது. அதை அவர்களுடைய வக்கீல் இன்னும் பார்க்கவில்லை என்பதாலேயே இந்தத் தொகை பேச்சில் இருக்கிறது என்பது என் ஊகம். கோபத்தோடு நீண்ட வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால், அந்தக் கோப்பை எடுத்துப் பார்க்க அவரை நீங்களே வரவழைத்தது போலாகும்.

சமரச ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களில் கவனமாக இருங்கள். பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் வரவேண்டும், ஏனென்றால் போனதும் அங்கிருந்துதான். உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கினால் புதிதாக ஒரு முரண்பாட்டை உருவாக்குவீர்கள். 'முழுமையான, இறுதியான தீர்வு' என்று கையெழுத்திடும் தாள், பணம் கணக்கில் ஏறிய பிறகே செல்லுபடியாகும் என்று எழுதச் சொல்லுங்கள். ரசீதை முதலில் கொடுத்துவிட்டுப் பணத்துக்காகப் புதுச்சேரிக்கு நடையாய் நடந்தவர்கள் உண்டு. அதில் தம்பியின் கையெழுத்தும் இருக்க வேண்டும்: கூட்டாண்மைச் சட்டம், பிரிவு 19, நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கையைச் சமரசம் செய்யவோ விட்டுக்கொடுக்கவோ ஒரு பங்குதாரருக்குத் தானாக அதிகாரம் தரவில்லை. அவர் பயணத்துக்கே வரவில்லை என்பதால் அவரைக் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆறு சீட்டுகளில் பாதிப் பணம் அவருடையது.