காணிக்கைக்கு முன்னால் கணக்கு

அன்புள்ள ஐயா,

வருஷா வருஷம் கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி நாளில் அழைப்புக் கொடுக்கும்போது முன்னால் போய் முழங்கால் போட்டு அழுகிறேன். ஒரு மாதம்கூட அது நிற்பதில்லை. மனந்திரும்புதல் எனக்கு வாய்க்கவே இல்லையோ என்று பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. முன்பு ஒரு மளிகை மொத்தக்கடையில் கணக்கெழுதினேன். பில் போடாத விற்பனையிலிருந்து அவ்வப்போது பணம் எடுத்துக்கொண்டேன். முதலாளிக்குக் கடைசிவரை தெரியாது. அவர் இறந்துவிட்டார். அந்தத் தொகையைச் சபைக் காணிக்கையில் போட்டுவிட்டால் போதுமா? அண்மையில் ஒரு ஊழியக்காரர் பரலோகராஜ்யம் வரப்போகும் வருஷத்தையே கணக்குப் போட்டுச் சொன்னார். அது உண்மையானால், இனிமேல் திருப்பிக் கொடுத்துத்தான் என்ன ஆகப்போகிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். முதல் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

காணிக்கையில் போட்டால் போதாது. லேவியராகமம் 6-ம் அதிகாரத்தின் தொடக்கத்தைப் படியுங்கள். உங்கள் காரியத்தைப் பார்த்து எழுதியதுபோல இருக்கும். நம்பி ஒப்படைத்ததில் கைவைத்தவன் என்ன செய்யவேண்டும் என்று அங்கே வரிசையாகச் சொல்லியிருக்கிறது. எடுத்த முதலை முழுதாகக் கொடுக்கவேண்டும். அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டவேண்டும். யாருடையதோ அவர் கையிலேயே சேர்க்கவேண்டும். அதற்கப்புறம்தான் ஆட்டுக்கடாவைப் பிடித்துக்கொண்டு ஆசாரியனிடம் போவது. மலைப்பிரசங்கத்தில் இயேசுவும் இதே வரிசையைத்தான் சொல்கிறார்: காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போ, முதலில் சகோதரனோடே ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து. உரியவர்களின் வீட்டைத் தாண்டிப்போய் உண்டியலில் போடுவது, அவர்கள் பணத்தில் நீங்கள் காணிக்கை கொடுப்பதாகத்தான் ஆகும்.

முதலாளி இல்லையே என்பீர்கள். எண்ணாகமம் 5-ம் அதிகாரம் அதற்கும் வழி சொல்கிறது. பாவத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒன்றைச் சேர்த்துக் கொடுக்கவேண்டும். வாங்கிக்கொள்ள உறவின்முறையான் ஒருவனும் இல்லாவிட்டால் மட்டுமே அது கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும். அவருக்கு மனைவியோ பிள்ளைகளோ இருந்தால் பணம் அவர்களுடையது. உதாரணத்துக்கு, எடுத்தது 60,000 ரூபாய் என்றால் கொடுக்கவேண்டியது 72,000.

இந்த ஐந்தில் ஒரு பங்கு தானாக ஒப்புக்கொண்டவனுக்கான விகிதம் என்பதைக் கவனியுங்கள். பிடிபட்ட திருடனுக்கு யாத்திராகமம் 22-ல் வேறு கணக்கு. திருடிய ஆடு உயிரோடு கையில் இருந்தால் இரட்டிப்பு. அதை அடித்தோ விற்றோ விட்டால் ஒரு ஆட்டுக்கு நான்கு, ஒரு மாட்டுக்கு ஐந்து. எரிகோ ஊரில் வரி வசூலிக்கும் ஆயக்காரர்களின் தலைவன் சகேயு யாரும் பிடிக்காமலே, பிடிபட்டவனுக்குரிய நாலத்தனையை, அதாவது நாலு மடங்கை, தனக்குத் தானே விதித்துக்கொண்டான். சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும் சொன்னான். கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதி போனபின் மீதிப் பாதியில் நாலு மடங்கு கொடுக்கவேண்டுமானால், அநியாயமாய் வாங்கியது மொத்தச் சொத்தில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மிச்சம் ஒன்றும் இருக்காது, கடன்தான். ரோமர் ஆட்சியில் வரி வசூலிக்கும் ஆயத்துறை குத்தகைதாரர்கள் கையில் இருந்தது. அரசுக்கு ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் பிடிப்பதுதான் அவர்களுக்கு லாபம். அப்படிப்பட்டவர்களின் தலைவன் இதைச் சபையறியச் சொல்கிறான்.

ஒன்றைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இயேசு சகேயுவின் வீட்டுக்கு வந்தது அவன் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததற்காக அல்ல. அவன் காட்டத்தி மரத்தில் இருக்கும்போதே “இன்றைக்கு உன் வீட்டிலே தங்கவேண்டும்” என்றார். கணக்கு அதற்கப்புறம்தான் வந்தது. கிருபை முந்தியது என்று சீர்திருத்தச் சபைகள் சொல்வது சரி. ஆனால் அதையே சாக்காக வைத்துத் திருப்பிக் கொடுக்காமல் இருக்க இந்தக் கதையில் இடமில்லை. கத்தோலிக்கத் திருச்சபையும் குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவமன்னிப்பு கிடைத்தாலும் திருடியதைத் திருப்பித் தரும் கடமை தீராது என்றே போதிக்கிறது.

இப்போது அழுகைக்கு வருவோம். யோர்தான் கரையில் ஞானஸ்நானம் கொடுத்துவந்த யோவான் “மனந்திரும்புங்கள், பரலோகராஜ்யம் சமீபித்திருக்கிறது” என்று கூப்பிட்டபோது, லூக்கா 3-ன்படி ஜனங்கள் திருப்பிக் கேட்டது “நாங்கள் என்னசெய்யவேண்டும்” என்பதுதான். அவர் கொடுத்த பதில்களில் உருக்கம் எதுவும் இல்லை. இரண்டு அங்கி இருந்தால் ஒன்றைக் கொடு. ஆயக்காரனா, கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதே. போர்ச்சேவகனா, யாரையும் இடுக்கண் செய்யாதே, பொய்யாய்க் குற்றஞ்சாட்டாதே, சம்பளம் போதுமென்று இரு. தொழிலை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வா என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. அவரவர் தொழிலில் எந்த இடத்தில் கை நீளுமோ அந்த இடத்தை மட்டும் தொட்டார். கணக்கெழுதுகிறவர் ஒருவர் வரிசையில் நின்றிருந்தால் பில் போடாத விற்பனையைப் பற்றித்தான் சொல்லியிருப்பார். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசீஃபஸும், நீதியான நடத்தையால் ஆத்துமா முதலில் சுத்தமான பிறகே சரீரத்துக்கு ஞானஸ்நானம் என்று யோவான் போதித்ததாக எழுதியிருக்கிறார்.

உங்கள் கண்ணீர் பொய் என்று நான் சொல்லமாட்டேன். கூட்டத்தில் கேட்கப்படுவது பொதுவான கேள்வி, “பாவத்தை விட்டுவிடுகிறாயா?” என்று. எந்தப் பாவம், யாருக்குச் செய்தது, எவ்வளவு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பெயரும் தொகையும் இல்லாத தீர்மானத்துக்கு மறுநாள் காலையில் செய்ய வேலை ஏதும் இருக்காது. அதனால்தான் ஒரு மாதத்தில் கரைந்துபோகிறது. இது பெரும்பாலும் அழைப்புக் கொடுக்கிறவர்களின் குறை என்பது என் அபிப்பிராயம். மேடையில் இசை வாசிக்கும் நேரத்தில் கால்வாசியை இதற்கு ஒதுக்கலாம்.

ஆனால் கணக்குத் தீர்ப்பது மட்டுமே மனந்திரும்புதல் என்றும் ஆகிவிடாது. அப்படியானால் யூதாஸைப்போல மனந்திரும்பியவன் இல்லை. மத்தேயு 27-ஐப் பாருங்கள். மனஸ்தாபப்பட்டான், குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்துப் பாவஞ்செய்தேன் என்று அறிக்கையிட்டான், முப்பது வெள்ளிக்காசில் ஒன்றுகூடக் குறையாமல் திருப்பினான். இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுரு அன்று செய்ததாக எழுதியிருப்பது மனங்கசந்து அழுதது மட்டும்தான். யூதாஸ் தன் பாவத்தைக் கொண்டுபோனது பிரதான ஆசாரியரிடம். “எங்களுக்கென்ன, அது உன்பாடு” என்று கதவைச் சாத்தினார்கள். அவன் அங்கிருந்து போய் நான்றுகொண்டான். பேதுரு மற்ற சீஷர்களோடேயே இருந்தான். பிறகு திபேரியாக் கடலில், கரையில் நிற்பது கர்த்தர் என்று கேட்டதும் படகு வந்துசேரும்வரை பொறுக்காமல் தண்ணீரில் குதித்தான். தோற்றுப்போன பின் எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்பதில்தான் இருவருக்கும் வித்தியாசம். நீங்கள் வருஷா வருஷம் முன்னால் போவதில் அந்த ஓட்டம் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

வருஷக் கணக்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியார் தானியேல் 8:14-ன் 2300 நாட்களை வருஷங்களாக எடுத்து, கி.மு. 457-லிருந்து எண்ணி, கிறிஸ்து திரும்பி வரும் வருஷம் 1843 என்றார். கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவில் பூஜ்ய வருஷம் கிடையாது என்பது பிறகு கவனத்துக்கு வந்து 1844 ஆயிற்று. கடைசியில் அவருடைய இயக்கத்தார் அக்டோபர் 22 என்று நாளையே குறித்தார்கள். பயிரை அறுக்காமல் விட்டவர்களும் கடையை மூடியவர்களும் உண்டு. மறுநாளும் விடிந்தது. அந்த நாளையும் அந்த நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்று மத்தேயு 24:36 சொல்லியிருக்க, இந்த வேலைக்கு ஆள் மட்டும் குறைவதில்லை. ராஜ்யம் வருக என்று ஜெபிக்கச் சொன்ன அதே இயேசு, அது உங்களிடத்தில் வந்திருக்கிறது என்றும் மத்தேயு 12:28-ல் சொல்கிறார். சகேயு சொன்ன சொல்லுக்கு “இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது” என்பதுதான் பதில். ஆகவே “இனிமேல் என்ன பயன்” என்ற கேள்வி தலைகீழாக நிற்கிறது. ராஜ்யம் கிட்டே வந்துவிட்டது என்பதைத்தான் யோவான் கணக்கைத் தீர்ப்பதற்குக் காரணமாகவே சொன்னார்.

இனி செய்யவேண்டியது. எடுத்த வருஷங்களையும் தோராயத் தொகையையும் ஒரு தாளில் எழுதுங்கள். நினைவு சரியாக இல்லாத இடத்தில் கூடுதலாகவே போடுங்கள். நம் நினைவு எப்போதும் நமக்குச் சாதகமாகவே குறைக்கும். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம்: பணம் குறைந்ததற்காக அந்தக் கடையில் வேறு யாராவது சந்தேகத்துக்கு ஆளானார்களா, வேலையை இழந்தார்களா என்று யோசியுங்கள். பெயர் போடாமல் பணம் அனுப்புவதை நான் ஒப்புக்கொள்ளாததற்கு இதுதான் காரணம். பணம் போய்ச் சேரும், அந்த ஆளின் மேல் விழுந்த பழி அப்படியே நிற்கும்.

சட்டரீதியாக விளைவு வரலாம். முன்னதாக ஒரு வக்கீலைப் பார்த்துக்கொள்வதில் தப்பில்லை. பிறகு அந்தக் குடும்பத்தில் பொறுப்பான ஒருவரைத் தனியாகச் சந்தித்து, தொகையோடு சொல்லுங்கள். பில் போடாத விற்பனையை முதலாளி நடத்தியதைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். அது அவர் கணக்கு. மன்னித்துவிடுங்கள் என்று கையைப் பிடித்து வற்புறுத்தவும் வேண்டாம். பணம் கொடுப்பது உங்கள் கடமை, மன்னிப்பது அவர்கள் விருப்பம். சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் இதை எடுத்தால் இறந்தவருடைய கடையின் வரிக் கணக்கும் சேர்ந்தே அம்பலமாகும். அதனால் உங்கள் போதகர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

ஒரே தடவையில் முடியாது என்றால் தவணை கேளுங்கள். வட்டிக்கு வாங்கிக் கட்டாதீர்கள், நகையை அடகு வைத்தும் கட்டாதீர்கள். தவணை பேசுவதற்கு முன்பே வீட்டில் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். மாதாமாதம் குறையப்போவது அவர்கள் கைக்கு வரும் பணமும்தான்.