அனுபியாஸ் ஏன் அழுகுகிறது?

கேள்வி: எங்கள் வீடு கானாடுகாத்தானில். முற்றத்தை ஒட்டிய பத்தியில் 2 அடி மீன் தொட்டி வைத்திருக்கிறேன். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் என்ற இரண்டு நீர்ச்செடிகளையும் மணலில் நட்டு 3 மாதம் ஆகிறது, புதிதாக வந்தது 2 இலைதான். அடித்தண்டு கொழகொழவென்று ஆகிவிட்டது, இலைமேல் கரும்பாசி வேறு. 'என்னடா இது, பிளாஸ்டிக் செடியா?' என்று அப்பத்தா கேட்கிறார். உரம் போடட்டுமா? போர் தண்ணீர்தான் காரணமா?

பதில்: உரம் வேண்டாம் தம்பி, முதலில் செடியை மணலிலிருந்து எடுங்கள், இன்றைக்கே. இரண்டுமே தொற்றுத்தாவரங்கள். மேற்கு ஆப்பிரிக்க ஓடைகளில் அனுபியாஸும், தென்கிழக்கு ஆசியாவில் ஜாவா ஃபெர்னும் பாறையையும் மரவேரையும் பற்றிக்கொண்டு வளர்பவை. மஞ்சள் கிழங்கு போல படுக்கையாக ஓடுகிறதே, அந்தத் தண்டுதான் செடியின் உயிர். அதைப் புதைத்தால் மூச்சுமுட்டி அழுகிவிடும். கொழகொழத்த பகுதியைக் கூரான பிளேடால் வெட்டி எறியுங்கள். கெட்டியான துண்டில் 3 இலை மிஞ்சினாலும் பிழைத்துக்கொள்ளும். அதை ஒரு கல்லிலோ கட்டையிலோ தூண்டில் நரம்பால் லேசாகக் கட்டுங்கள், வேர் பிடிக்கும்வரை இடம் மாற்ற வேண்டாம்.

3 மாதத்தில் 2 இலை என்பது கொஞ்சம் குறைவுதான், ஆனால் நன்றாக இருக்கும் அனுபியாஸே மாதத்துக்கு ஓர் இலை விட்டால் பெரிய விஷயம். அவ்வளவு மெதுவாக வளர்வதால் ஒரே இலை மாதக்கணக்கில் வெளிச்சத்தில் நிற்கிறது, பாசிக்கு அது போதும். உங்கள் பத்தியில் முற்றத்து வெயில் சாய்வாக விழுகிறதா என்று மதியம் நின்று பாருங்கள், விழுந்தால் தொட்டியை உள்ளே தள்ளி வையுங்கள். விளக்கு 6 மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டாம். பாசி அப்பிய பழைய இலைகளைக் கிள்ளிவிடலாம், எல்லாவற்றையும் ஒரே நாளில் கிள்ளாதீர்கள்.

தண்ணீரைக் குறை சொல்ல வேண்டாம், கொஞ்சம் உப்புக்கரிக்கும் கடினத் தண்ணீரையும் இந்தச் செடிகள் தாங்கும். முற்றத்து அண்டாவில் பிடித்த மழைநீரைக் கலக்க ஆசைப்பட்டால் தாராளமாகச் செய்யுங்கள், ஓட்டுத் தூசி கழுவி வரும் முதல் மழையை மட்டும் விட்டுவிட்டு, வாரம் ஒரு வாளியாக. மொத்தமாக மாற்றினால் மீன்கள்தான் பாடுபடும்.

அப்புறம், ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் வந்தால் நோய் என்று பயந்து வெட்டிவிடாதீர்கள். அவை விதையில்லாத ஃபெர்ன் செடிகள் பெருக உதவும் வித்துத்தூள் (spore) திரள்கள். அதுபோக, நாளடைவில் பழைய இலையின் நுனியிலேயே வேரோடு குட்டிச் செடி முளைத்துத் தொங்கும், அதை அப்பத்தாவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.