தோட்டம்: கேள்வி – பதில்

கேள்வி: இங்கிலாந்திலிருந்து வந்த மகள் வால்ஃபிளவர் விதைப் பொட்டலம் ஒன்று தந்தாள். அங்கே ஏப்ரல், மே மாதங்களில் மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பூத்து, வாசனை ஆளைத் தூக்குமாம். சித்திரை விஷுவுக்கு எங்கள் முற்றமும் அப்படி இருக்க வேண்டும். எப்போது விதைக்கலாம்?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: விதைத்தால் முளைத்துவிடும் அம்மா, கடுகின் சொந்தக்காரச் செடிதானே. நான்கு இதழ் பூகூடக் கடுகுப்பூவின் ஜாடைதான். ஆனால் தக்கலையில் அது பூக்கும் என்று நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் மே, ஜூனில் விதைத்து, அக்டோபர் வாக்கில் பாத்திக்கு மாற்றி, குளிர்காலம் முழுக்க வெளியிலேயே விடுவார்கள். அந்தக் குளிரைத் தாண்டினால்தான் மொட்டு வரும். நமக்கு மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். விதையை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். குளிர் வேண்டியது விதைக்கு அல்ல, வளர்ந்த செடிக்கு. அதோடு, பழைய கோட்டைச் சுவரின் சுண்ணாம்புச் சாந்தில் தானாக முளைக்கும் ஜாதி அது. நம் புளிப்புச் செம்மண்ணும், ஆண்டுக்கு இரண்டு மழைக்காலமும் அதற்கு ஒத்துவராது.

நிறம்தானே வேண்டும்? குட்டைக் கேந்தி போடுங்கள். விதைக்கடையில் பிரெஞ்சு மேரிகோல்டு என்று கேளுங்கள். துருச் சிவப்பு இதழுக்கு மெல்லிய மஞ்சள் கரை போட்ட ரகத்தைத் தேடி வாங்குங்கள்; வால்ஃபிளவரின் அதே நிறக்கூட்டம். தை மாதக் கடைசியில் விதைத்தால் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூ, விஷுவுக்குச் சரியாக இருக்கும். நாற்று நாலைந்து ஜோடி இலை விட்டதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். கிள்ள மனசு வராதுதான், ஆனால் கிள்ளாத செடி ஒற்றைக் குச்சியாக நிற்கும். மக்கிய சாணமே போதும். கடலைப்பிண்ணாக்கை அள்ளிக் கொட்டினால் இலைதான் தழைக்கும். பங்குனி வெயிலில் இலை வெளிறினால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், சிலந்திப்பேன் இருக்கும். இரண்டு மூன்று நாள் காலையில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள்.

வாசனைக்குக் கேந்தியை நம்பாதீர்கள். அதன் நெடி எனக்குப் பிடிக்கும், பலருக்கு ஆகாது. அதற்குத்தான் பிச்சி இருக்கிறதே! தோவாளைப் பக்கம் போகும்போது பதியன் கேட்டு வாங்கி, வெயில் படும் மூலையில் வையுங்கள்.